தேடுகிறார்கள், வாசிக்கிறார்கள், உள்ளே வருகிறார்கள் இல்லை: உங்களுக்கும் இப்படித்தானா?

உட்துறைமுகத்தான் | திங்கள் இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். இது புலம்பல்தான், ஆனால் கடைசியில் ஒரு கேள்வியும் இருக்கிறது.

ஒன்பது வருடமாகத் திருகோணமலையைப் பற்றிச் சின்னதாக ஒரு தளம் நடத்தி வருகிறேன் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். புறாத்தீவுக்கு எந்த மாதம் கடல் அமைதி, கன்னியாவில் ஏழு கிணறும் ஏன் ஒரே சூடாக இல்லை, கோட்டை வாசலில் இறங்கி கோணேசர் கோயிலுக்கு நடந்தே போகலாமா, இப்படியான விசயங்கள். விளம்பரத்தில் வருகிற காசு வருடக் கட்டணத்துக்குக் காணும், காணாமலும் போகும். காசுக்காகச் செய்யவில்லை என்று சொன்னால் மனைவி சிரிப்பாள், ஆனால் உண்மை அதுதான்.

போன வாரம் தேடல் அறிக்கையைத் திறந்தேன். அதில் இரண்டு கோடு ஓடும். என் பக்கம் தேடல் முடிவில் எத்தனை தடவை கண்ணில் பட்டது என்பது ஒன்று. அதை அமுக்கி எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பது மற்றது. முன்பெல்லாம் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிச் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். இப்போது மேல்கோடு மேலே போகிறது, கீழ்க்கோடு கீழே போகிறது. முதலை வாயைத் திறந்து வைத்திருக்கிற மாதிரி இருக்கிறது படம்.

என் போனிலேயே "புறாத்தீவு போக நல்ல மாதம்" என்று தட்டிப் பார்த்தேன். மேலே ஒரு பெட்டி, அதில் நாலு வரி. மூன்றாவது வரி: "காற்று எழும்ப முன் காலையிலேயே போய் வருவது நல்லது." அது என் வரி. நிலாவெளியில் ஒரு படகுக்காரர் வலை பொத்திக்கொண்டே சொன்னதை அவருடைய பேச்சிலேயே எழுதியிருந்தேன். "எழும்ப முன்" என்று வேறு எவன் எழுதுவான்? பெட்டியின் ஓரத்தில் சங்கிலி மாதிரி ஒரு சின்ன அடையாளம். அதை அமுக்கினால் என் தளம் வரும். அதை யார் அமுக்கப் போகிறார்கள்?

சரி, நேர்மையாக இன்னொன்றும் சொல்லவேண்டும். அன்று காலையிலேயே பவுண் விலை பார்த்தேன், லண்டனில் இருக்கிற தம்பி அனுப்பியது ரூபாயில் எவ்வளவு என்று. பெட்டியில் இலக்கம் வந்தது, போனை மூடிவிட்டேன். எந்தத் தளத்துக்குள்ளும் நானும் போகவில்லை.

கேள்வி இதுதான்: ஒரு பதிலுக்காக நீங்கள் கடைசியாக எப்போது ஒரு தளத்துக்குள் போனீர்கள்?

கொட்டியாரத்தான் | திங்கள் இரவு 9.24

நேற்றுப் போனேன். போய்ப் பட்டபாடு போதும். சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

உப்புவெளி ரூம்காரன் | திங்கள் இரவு 9.51

அண்ணன், உங்களுக்கு நட்டம், எனக்கு லாபம். குறை நினைக்காதீர்கள்.

எனக்குத் தளமே கிடையாது. செய்து தருகிறேன் என்று ஒரு பையன் காசு வாங்கிக்கொண்டு போனான், அது வேறு கதை. வரைபடத்தில் ஐந்து ரூமும், நாலு படமும், போன் இலக்கமும் போட்டு வைத்திருக்கிறேன். ஆட்கள் அங்கேயே பார்த்து, அங்கேயே அமுக்கி, எனக்கு எடுக்கிறார்கள். "சூடுதண்ணி இருக்கா, கடலுக்கு எவ்வளவு தூரம்" என்று இரண்டு கேள்வி, முடிந்தது. நடுவில் தளம் ஒன்று இருந்திருந்தால் பாதிப் பேர் அதற்குள்ளேயே தொலைந்திருப்பார்கள்.

ஆனால் அடியும் வாங்கியிருக்கிறேன். வெளிநாட்டுக்காரன் தேடுகிற கேள்வி "திருகோணமலைக்கு எப்போது போகலாம்" இல்லை. "இலங்கைக்கு எப்போது போகலாம்" என்றுதான் தேடுகிறான். பதில் பெட்டி டிசம்பரிலிருந்து மார்ச் வரை என்று சொல்லும். காலி, ஹிக்கடுவைப் பக்கத்துக்கு அது சரி. நமக்கு அது வடகீழ்ப் பருவமழை. நம் சீசன் ஏப்ரல் மாதத்தில் தொடங்கி செப்டெம்பர் மட்டும்.

ஒரு டிசம்பரில் ஒரு சோடி வந்து இறங்கியது. மூன்று நாள் விடாத மழை. கடல் மண்ணிறத்தில் குமுறுகிறது. அந்தப் பிள்ளை நீந்துகிற கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விறாந்தையில் நின்று கடலைப் பார்க்கிறது. அவன் போனை எடுத்து எனக்குக் காட்டினான், நான் ஏமாற்றிவிட்ட மாதிரி. வாசித்தேன். முதல் பந்தி அவன் சொன்ன மாதிரியே. அதற்குக் கீழே "மேலும் காட்டு". அதை நான் விரலால் தொட்டேன். இரண்டாவது பந்தி: கிழக்குக் கரைக்கு மாறி வரும், ஏப்ரல் முதல் செப்டெம்பர்.

பதில் பிழை இல்லை தம்பிமாரே. மடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான். அன்று இரவு அவர்களுக்கு இடியப்பமும் சொதியும் கொடுத்து, அடுத்த நாள் கண்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். மிச்சம் இரண்டு இரவுக் காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

கொழும்பில் ஒரு கோணேசன் | திங்கள் இரவு 10.32

நான் தேடல் சம்பந்தமான வேலையில்தான் இருக்கிறேன், ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நேற்றுத் தொடங்கிய விசயம் இல்லை. 2012 மே மாதம் கூகிள் "நொலேஜ் கிராப்" என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு ஆளையோ ஊரையோ தேடினால் பக்கத்தில் படமும் பிறந்த ஆண்டும் சனத்தொகையும் வருமே, அதுதான். இரண்டு வருடத்துக்குப் பிறகு ஏதோ ஒரு தளத்தின் பந்தியை வெட்டி மேலே பெட்டியில் போடும் பழக்கம் வந்தது. அப்போதாவது அது ஒரே தளத்தின் பந்தி. அடியில் அந்தத் தளத்தின் பெயர் பெரிதாக இருக்கும், சந்தேகம் வந்தால் அமுக்கிப் பார்ப்பார்கள். 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கிய ஏஐ ஓவர்வியூ என்ற கூகிள் சுருக்கம் அப்படி இல்லை. ஐந்தாறு பக்கங்களைப் புரட்டி, கலந்து, தன் வசனத்தில் எழுதித் தருகிறது. அதே வருடம் ஒக்டோபரில் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போய்விட்டது. வந்த புதிதில் பீட்சாவில் சீஸ் ஒட்டி நிற்க பசை போடச் சொன்னது ஞாபகம் இருக்கும். யாரோ பல வருடத்துக்கு முன் ரெடிட்டில் பகிடிக்கு எழுதியதை அது உண்மை என்று எடுத்துக்கொண்டது.

இனி உங்கள் முதலை வாய். பியூ ஆய்வு மையம் 2025 மார்ச்சில் அமெரிக்காவில் 900 பேர் இணையத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தது. மேலே ஏஐ சுருக்கம் வந்த தேடல்களில் 100க்கு 8 தடவைதான் வழமையான இணைப்பு ஒன்றை அமுக்கினார்கள். சுருக்கம் வராத இடத்தில் 15. சுருக்கத்துக்குள்ளேயே இருக்கும் மூல இணைப்பை, அதாவது அண்ணனுடைய அந்தச் சங்கிலி அடையாளத்தை அமுக்கியது 100க்கு 1.

கவனியுங்கள், சுருக்கம் இல்லாத போதும் 15தான். ஆகவே ஏஐ வந்துதான் எல்லாம் கெட்டது என்பதும் சரியில்லை. 2024இல் ஸ்பார்க்டோரோ என்ற ஆய்வு நிறுவனம் எடுத்த கணக்கில் அமெரிக்கத் தேடல் 1000க்கு 360தான் திறந்த வெளித் தளங்களுக்குப் போயிற்று. மிச்சம் கூகிளின் சொந்த இடங்களுக்கும் விளம்பரத்துக்கும் போயிற்று, அல்லது அங்கேயே முடிந்தது, அல்லது வேறு சொல் போட்டு மறுபடி தேடினார்கள். எல்லாம் அமெரிக்க எண்ணிக்கை, நம் ஊர் மட்டிக்களிக்கு அப்படியே பொருத்த வேண்டாம்.

விக்கிப்பீடியாவுக்கே இது உறைத்துவிட்டது. மனிதர்கள் வந்து பார்க்கிற பக்கங்கள் போன வருடத்தைவிட ஏறக்குறைய 8 வீதம் குறைந்துவிட்டன என்று 2025 ஒக்டோபரில் அவர்களே எழுதினார்கள்.

மட்டிக்களி மருமகள் | திங்கள் இரவு 11.05

மட்டிக்களியை இழுத்ததால் வந்தேன் 😄

நீங்கள் எல்லாரும் வைஃபை வீட்டுக்காரர்கள் மாதிரிப் பேசுகிறீர்கள். எங்கள் தெருவில் தளத்துக்குள் போகாததற்குக் காரணம் ஏஐயும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. டேட்டா. என் போனில் வட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப் மூன்றுக்கும் பக்கேஜ். அதற்குள் எவ்வளவு பார்த்தாலும் சரி. வெளி இணைப்பு ஒன்றைத் தொட்டால் மற்ற டேட்டா வெட்டத் தொடங்கும், அது மாதம் 20ஆம் திகதியோடு சரி. அப்புறம் "விபரம் முதல் கமெண்டில்" என்று போடுகிறவர்களை எங்கள் தெருவில் யாரும் மதிப்பதில்லை. முதல் கமெண்டில் இருப்பது எங்களுக்குக் காசு.

அதனால் எல்லாமே ஸ்கிரீன்ஷொட்தான். பாடசாலை லீவு, கரண்ட் வெட்டு, மண்ணெண்ணெய் விலை, எல்லாவற்றையும் யாரோ ஒருவர் உள்ளே போய்ப் பார்த்து, படம் பிடித்து, குறூப்பில் போடுவார். நாங்கள் நாற்பது பேர் அந்த ஒருவரின் டேட்டாவில் வாழ்கிறோம்.

இதில் வரும் வினையையும் சொல்கிறேன். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் நமக்கு வடக்கே கரையைக் கடந்ததே, அப்போது சுற்றிய ஒரு வரைபடம். "இன்று இரவு திருகோணமலைக்கு அண்மையில் கரையைக் கடக்கும்" என்று மேலே எழுதியிருக்கும். ஸ்கிரீன்ஷொட் எடுத்தவர் மேல் ஓரத்தை வெட்டிவிட்டார், திகதி இல்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு நொவெம்பர் பின்னேரம் அதே படம் குடும்பக் குறூப்பில் வந்து விழுந்தது. வானமும் கறுத்திருந்தது. மாமா ஒன்றும் கேட்கவில்லை. சேட்டைக் கழற்றி வேலியில் போட்டார், இஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்தார், படகை ஆறு பேராக மேட்டுக்கு இழுத்தார்கள். மாமி அரிசி வாளியையும் பத்திரங்கள் வைத்த பையையும் கட்டிலுக்கு மேல் ஏற்றினா. இரவு பத்து மணிக்கு நட்சத்திரம் தெரிந்தது.

அடுத்த நாள் மற்றவர்களுக்குக் கீரிமீன் அள்ளிக்கொண்டு வந்தது. மாமா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை, அந்தப் படத்தை அனுப்பியது நான் என்று. நான் இல்லை, மச்சாள்.

கொழும்பில் ஒரு கோணேசன் | திங்கள் இரவு 11.12

அக்கா, நான் எழுதியதைவிட நீங்கள் எழுதியது பெரிய விசயம். அடுத்த முறை 117க்கு ஒரு கோல் எடுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலைய இலக்கம்.

மட்டிக்களி மருமகள் | திங்கள் இரவு 11.15

இப்போது அது தெரியும் தம்பி. அந்த இலக்கமும் ஸ்கிரீன்ஷொட்டாகத்தான் வந்தது.

கொட்டியாரத்தான் | செவ்வாய் காலை 6.40

சாப்பிட்டுவிட்டு நித்திரையாகிவிட்டேன். சரி, இப்போது எழுதுகிறேன், யாருக்கும் பிடிக்காது.

தளக்காரர்கள் அழுகிறார்கள். ஆனால் சனத்தை விரட்டியது யார்? ஞாயிறு என்ன தேடினேன் என்றால், மூத்தவளின் ஓ.எல்., அதாவது சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு எப்போது வரும் என்று. ஒரு செய்தித் தளம், பெயர் வேண்டாம். தலைப்பில் "பெறுபேறு வெளியாகும் திகதி அறிவிப்பு" என்று போட்டிருந்தார்கள். உள்ளே போனேன். முதலில் அறிவித்தல் அனுப்பட்டுமா என்று ஒரு பெட்டி. அதை மூடினால் சூதாட்ட விளம்பரம். அதை மூடப்போய் விரல் வழுக்கி வேறு எங்கோ போய்விட்டேன். திரும்பி வந்தால் ஓ.எல். பரீட்சை என்றால் என்ன என்று மூன்று பந்தி. எனக்குத் தெரியாதா? நான் இரண்டு தரம் எழுதினவன். கடைசிப் பந்தியில் "திகதி விரைவில் அறிவிக்கப்படும்".

பெட்டியில் வருகிற நாலு வரிக்கு நான் ஏன் நன்றி சொல்லக்கூடாது?

உட்துறைமுகத்தான் தளம் அப்படி இல்லை, தெரியும். ஆனால் நூறு கெட்ட கடைக்குள் போய்ச் சூடுபட்டவன் நூற்றியோராவது கடைக்கும் போகமாட்டான், அது நல்ல கடையாக இருந்தாலும்.

உட்துறைமுகத்தான் | செவ்வாய் காலை 7.15

வாங்கிக் கட்டிக்கொண்டேன். நானும் ஒரு காலத்தில் கன்னியாப் பக்கத்தில் இராவணன் கதையை முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் வாசல் நேரத்தைப் போட்டிருந்தேன். பக்கம் நீளமாக இருந்தால் தேடலில் மேலே வரும் என்று யாரோ சொன்னார்கள், கேட்டேன்.

ஓய்வூதிய வாத்தியார் | செவ்வாய் காலை 10.20

பிள்ளைகளே, நான் சரித்திரம் படிப்பித்தவன். இப்போது வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். போன தவணையில் "இரண்டாம் உலகப் போரும் திருகோணமலையும்" என்று ஒரு கட்டுரை கொடுத்தேன். பதினொரு கொப்பி வந்தது. பதினொன்றிலும் ஜப்பானியர் திருகோணமலையில் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 5 என்று இருந்தது.

ஏப்ரல் 5 கொழும்பு. உயிர்த்த ஞாயிறு அன்று. திருகோணமலைக்கு வந்தது ஏப்ரல் 9. அன்றுதான் துறைமுகத்தை விட்டு முதல் நாள் இரவு வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தார்கள். எங்கே பார்த்து எழுதினீர்கள் என்று கேட்டேன். எல்லாரும் ஒரே குரலில் "போனில் சேர்". வாங்கிப் பார்த்தேன். சுருக்கத்தில் "1942 ஏப்ரல் 5 அன்று தொடங்கிய தாக்குதலில் கொழும்பும் திருகோணமலையும்" என்று ஒரு வசனம். வசனம் பொய் சொல்லவில்லை. இரண்டு நாளை ஒரு வசனத்துக்குள் அடைத்துவிட்டது, பிள்ளைகள் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள்.

பார்த்து எழுதுவது புதிது என்று நான் சொல்லமாட்டேன். நாங்களும் வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதினோம். ஆனால் அன்று வகுப்பில் மூன்று வழிகாட்டி இருக்கும், மூன்றும் மூன்று விதமாகப் பிழைவிடும். இரண்டு பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள், "சேர், இவன் 5 என்கிறான், நான் 9 என்கிறேன்" என்று. அந்தச் சண்டையில்தான் பாடம் நடக்கும். பதினொரு பேரும் ஒரே பிழையை விட்டால் யாரோடு சண்டை பிடிப்பது? நான் தனியாக நின்று 9, 9 என்று கத்தினேன். ஒருத்தி மெதுவாகச் சொன்னாள், "சேருக்கு வயசு போட்டுது."

அவர்களைச் சீனக்குடாப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் எண்ணெய்க் குதங்களை வெளியில் நின்று காட்டினேன். ஒரு பெரியவர் அந்த 9ஆம் திகதியைப் பற்றித் தன் தகப்பன் சொன்ன கதையைச் சொன்னார். அந்தப் பிள்ளைக்கு இனி 9 மறக்காது.

கிண்ணியாக்காரன் | செவ்வாய் பகல் 1.48

அஸ்ஸலாமு அலைக்கும். லுஹர் முடித்துவிட்டு வந்து எல்லாவற்றையும் வாசித்தேன். சேர் சொன்னது மாதிரி ஒன்று, ஆனால் இது கொஞ்சம் கனமானது.

கிண்ணியா ஆட்களுக்குப் "பாதை" என்றால் என்ன என்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆற்றைக் கடக்கிற மிதவை. பலகைத் தட்டு, மேலே ஆட்கள், சைக்கிள், மோட்டார் சைக்கிள் எல்லாம் ஏறும், கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். 2009இல் பெரிய பாலம் திறக்க முன் எங்கள் வாப்பா டவுனுக்குப் போனதெல்லாம் பாதையில்தான். மட்டக்களப்புப் பக்கத்திலும் இதே சொல்தான்.

குறிஞ்சாக்கேணியில் 2021 நொவெம்பர் 23 காலையில் பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் மௌத்தானார்கள். அதற்கு மேல் எழுத எனக்குக் கை வராது.

கட்டாரில் இருக்கிற மச்சானின் மகன், இப்போது பதினாலு வயது, அங்கேயே வளர்ந்தவன். வீட்டில் யாரோ "குறிஞ்சாக்கேணிப் பாதை" என்று பேசியதைக் கேட்டிருக்கிறான். போனில் ஒரு ஏஐயிடம் தமிழில் கேட்டிருக்கிறான். பதில் அழகான தமிழில் வந்தது. "குறிஞ்சாக்கேணிப் பாதையில் நிகழ்ந்த சாலை விபத்து." சாலை விபத்தாம். பாதை என்றால் வீதி என்று அதற்கு விளங்கியிருக்கிறது. வீதியைச் செப்பனிடாததுதான் காரணம் என்றும் ஒரு வரி. அவன் எனக்கு வொய்ஸ் போட்டான்: "மாமா, பஸ்ஸா மோதினது?"

நான் அவனுக்குப் போன் எடுத்து அரை மணி நேரம் கதைத்தேன். தண்ணீர் என்று சொல்லத்தான் நேரம் எடுத்தது.

அந்தப் பதிலில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. யாராவது நம் ஆள் எழுதியிருந்தால் எழுத்தில் நாலு பிழை இருக்கும், பாதையில் பிழை இருக்காது.

மட்டிக்களி மருமகள் | செவ்வாய் பகல் 2.02

நானா, என்ன சொல்வதென்று தெரியவில்லை.

கொழும்பில் ஒரு கோணேசன் | செவ்வாய் மாலை 6.30

கிண்ணியாக்காரன் நானா, இது ஏன் நடக்கிறது என்று சொன்னால் மனம் ஆறாது, ஆனாலும் சொல்கிறேன்.

இந்த இயந்திரங்கள் படித்த தமிழில் மிகப் பெரிய பங்கு தமிழ்நாட்டுத் தமிழ். அங்கே பாதை என்றால் வழி. நம் பாதை அதன் கண்ணில் படவே இல்லை, ஏனென்றால் நாம் எழுதியது அதற்கு வாசிக்கத் தெரியாத இடத்தில் கிடக்கிறது. நம் நாட்டில் வருடக்கணக்காகத் தமிழ்க் கடிதம், சுற்றறிக்கை, விழா மலர், எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தோம். பாமினியில் திருகோணமலை என்று கண்ணுக்குத் தெரியும். கோப்புக்குள் அது ஜே, பி, யு, என், எஃப் என்று ஆங்கில எழுத்துக் குவியல். தேடுபொறிக்கு அது குப்பை. "திருகோணமலை" என்று யூனிகோடில் தேடுகிறவனுக்கு அந்தப் பக்கம் எந்தக் காலத்திலும் வராது. புத்தகங்கள் என்றால், 2005இலிருந்து நூலகம் எண்ணிம நூலகத்தில் எவ்வளவோ ஈழத்து நூல்களை ஏற்றியிருக்கிறார்கள், பெரிய தொண்டு. அதிலும் பெரும்பகுதி பக்கங்களின் படம்தான். மனிதன் திறந்து வாசிக்கலாம். பெட்டிக்குள் வராது.

ஆகவே தமிழில் கேட்டாலும் அது ஆங்கிலத்தில் கிடைப்பதைப் பொறுக்கித் தமிழாக்கித் தருகிறது, அல்லது சொல்லை வைத்து ஊகிக்கிறது. நியூயோர்க்கைப் பற்றிய பதில் பிழைத்தால் திருத்த ஆயிரம் பக்கம் இருக்கிறது. குறிஞ்சாக்கேணிக்கு நாலு பக்கம். அந்த நாலில் ஒன்றை எழுதுகிறவர் "ஒருவரும் வருகிறார்கள் இல்லையே" என்று விட்டுவிட்டால் மூன்று.

அண்ணன் தனிமடலில் கேட்டதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஏஐ சுருக்கத்தில் உங்கள் பக்கம் வராமல் தடுக்க வழி உண்டு. பக்கத்தின் தலையில் "நோஸ்னிப்பெட்" என்று ஒரு குறிப்புப் போடலாம். ஆனால் அதைப் போட்டால் சாதாரண முடிவிலும் உங்கள் தலைப்புக்குக் கீழே வருகிற இரண்டு வரி போய்விடும், வெறும் தலைப்பு மட்டும் நிற்கும். கடைக்கு வெளியே இருந்து எட்டிப் பார்க்கிறார்கள் என்று கதவைச் சாத்தினால் உள்ளே வருகிறவனும் வரமாட்டான். "கூகிள் எக்ஸ்டெண்டட்" என்று இன்னொன்று இருக்கிறது, பலர் அதைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அது கூகிளின் ஏஐயான ஜெமினிக்கு உங்கள் எழுத்தைக் கொடுப்பதைத்தான் தடுக்கும். தேடல் பக்கத்துச் சுருக்கத்தை அது தொடாது.

உப்புவெளி ரூம்காரன் | செவ்வாய் மாலை 7.05

சில கேள்விக்குக் கதவே தேவையில்லை என்பதையும் சொல்லுங்கள் தம்பி. போன வருடம் ஒரு விருந்தாளிக்கு நெஞ்சுவலி. அவர் மனைவி போனில் இலங்கை அம்புலன்ஸ் என்று தட்டினா, 1990 என்று பெரிதாக வந்தது, எடுத்தா. அந்த நேரம் யாராவது "1990 சேவையின் வரலாறு" என்று பந்தி எழுதி வைத்து உள்ளே வா என்றிருந்தால்?

கொட்டியாரத்தான் | செவ்வாய் மாலை 7.09

அதைத்தான் நான் காலையில் சொன்னேன்.

உட்துறைமுகத்தான் | புதன் இரவு 9.30

நோஸ்னிப்பெட் போடவில்லை. வேறு மூன்று வேலை செய்தேன்.

கன்னியாப் பக்கத்தில் வாசல் நேரத்தை மேலே தூக்கினேன், இராவணனைக் கீழே இறக்கினேன். மனிதர் கோபிக்கமாட்டார். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியாகப் போய்ப் பார்த்த திகதியை முதல் வரியிலேயே எழுதினேன், அக்காவின் மாமா ஞாபகமாக. ஓரத்தை வெட்டி ஸ்கிரீன்ஷொட் எடுத்தாலும் திகதி பந்திக்குள் இருக்கும்.

மூன்றாவது, "பாதை" என்று தனியாக ஒரு பக்கம். கிண்ணியாக்காரன் சொல்லச் சொல்ல எழுதினேன், இரண்டு மணி நேரம் போனில். தட்டு எந்த மரம், கயிறு எந்தப் பக்கம் கட்டுவது, காற்று அடித்தால் யார் எந்த மூலையில் நிற்பது. கடைசியில் குறிஞ்சாக்கேணியைப் பற்றி ஐந்து வரி. "ஆற்றைக் கடக்கும் மிதவை" என்பதை மூன்று இடத்தில் எழுதச் சொன்னார், ஒரு இடத்தில் போதும் என்றேன், கேட்கவில்லை. மூன்று இடத்திலும் இருக்கிறது.

இன்று காலை அறிக்கை பார்த்தேன். அந்தப் பக்கத்துக்கு வந்தவர் இரண்டு பேர். ஒன்று நான்.

கிண்ணியாக்காரன் | புதன் இரவு 9.41

மற்றது கட்டார்.

சும்மா பார்க்க வந்தவன் | புதன் இரவு 10.02

நீண்ட நாளாக வாசிக்கிறேன், இதுதான் முதல் பதிவு. ஞாயிற்றுக்கிழமை வவுனியாவிலிருந்து பிள்ளைகளோடு வருகிறோம். புறாத்தீவுக்குப் படகு ஓடுமா? தேடிப் பார்த்தேன், வருடம் முழுக்கப் போகலாம் என்று வருகிறது.

உட்துறைமுகத்தான் | புதன் இரவு 10.06

ஜனவரியில் வேண்டாம் ஐயா. இன்று பின்னேரமும் நிலாவெளியில் அலை ஆளுயரம். யாராவது கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாலும் பிள்ளைகளோடு ஏறாதீர்கள். கன்னியாவுக்குப் போங்கள், மழைக்குள் வெந்நீர் நல்லாயிருக்கும். பிறகு கோயில். புறாத்தீவுக்கு மே மாதம் வாருங்கள், காற்று எழும்ப முன் காலையில்.

சும்மா பார்க்க வந்தவன் | புதன் இரவு 10.09

மிக்க நன்றி. உங்கள் தளத்தின் முகவரி என்ன?

கொட்டியாரத்தான் | புதன் இரவு 10.10

அதுதான் பதில் கிடைத்துவிட்டதே 😂

மட்டிக்களி மருமகள் | புதன் இரவு 10.12

நான் ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிட்டேன். திகதியோடு.